பைக்கில் வோல்ட் மீட்டர்: எண் காட்டும் கோளாறும் அதைத் தேடும் வரிசையும்

கம்பத்திலிருந்து குமுளிக்கும் போடியிலிருந்து பூப்பாறைக்கும் ஏலத்தோட்ட வேலையாகத் தினமும் ஏறி இறங்கும் வண்டிகளில் பேட்டரி சீக்கிரம் போகிறது. ஏற்றம் முழுக்க முதல் இரண்டு கியரில் மெதுவாக ஊர வேண்டும். மூடுபனிக்காக ஃபாக் லைட் கூடுதலாக எரியும், ஹேண்டில் பாரில் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். மழைக்காலம் முழுக்கச் சீட்டுக்கு அடியில் இருக்கும் கப்ளர்கள் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகிகள்) ஈரத்தில் ஊறும். செல்ஃப் எடுக்காத அன்றைக்குத்தான் பேட்டரி நினைவுக்கு வரும். ஒரு சின்ன வோல்ட் மீட்டர் இருந்தால் பத்து நாளுக்கு முன்பே தெரிந்துவிடும்.

மீட்டர் பொய் சொல்லாமல் இருக்க ஒயரைச் சரியான இடத்தில் இணைக்க வேண்டும். அது சொல்லும் எண்ணை எஞ்சின் வேகத்தோடும் எரியும் விளக்குகளோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். பேட்டரி மாற்றியும், எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சார்ஜ் காயில் மாற்றியும் தீராத பல வண்டிகளில் குற்றவாளி கருகிப்போன ஒரு கப்ளர்தான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத சோதனை முதலில், பொருள் வாங்க வேண்டியது கடைசியில்.

மீட்டரை எங்கே இணைப்பது

கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். இரண்டு ஒயர் மீட்டர், தான் எரிவதற்கான மின்சாரத்தை எந்த ஒயரில் எடுக்கிறதோ அதே ஒயரின் வோல்டைத்தான் அளக்கும். மூன்று ஒயர் மீட்டரில் எரிவதற்கு ஒரு ஒயர், எர்த்துக்கு ஒன்று, அளப்பதற்குத் தனியாக ஒன்று. பைக்குக்கு மூன்று ஒயர் மீட்டரே நல்லது. சிவப்பு எண் காட்டுவதை வாங்குங்கள். நீலமும் பச்சையும் இரவு மூடுபனியில் கண்ணைக் கூசவைக்கும்.

தேவையானவை: 0.5 சதுர மி.மீ. ஒயர் 2 மீட்டர், மழைக்கு மூடிய ஃப்யூஸ் ஹோல்டர் ஒன்று, 1 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு, பேட்டரி ஸ்க்ரூவில் மாட்டும் ரிங் டெர்மினல் இரண்டு, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ், ஒயரைக் கட்டும் பிளாஸ்டிக் டேக். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில் எடுங்கள், மாட்டும்போது மைனஸைக் கடைசியில் போடுங்கள்.

அளக்கும் ஒயர் பேட்டரி பிளஸுக்கு நேராகப் போக வேண்டும். பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 1 ஆம்பியர் ஃப்யூஸ் வைக்கவும். கருப்பு ஒயரைப் பேட்டரி மைனஸிலேயே இணைக்கவும். ஹேண்டில் பார் போல்ட்டில் எர்த் எடுத்தால் துருவின் அளவும் எண்ணில் கலந்துவிடும். எரியும் ஒயரைக் கீ ஆன் செய்தால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரில் இணைக்கவும். ஹோண்டா, ஹீரோ வண்டிகளில் அது பெரும்பாலும் கருப்பு, எர்த் பச்சை. யமஹாவில் பிரவுன், எர்த் கருப்பு. நிறத்தை மட்டும் நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே யாராவது கை வைத்த ஒயரிங்கில் நிறங்களுக்கு அர்த்தம் இல்லை.

கையில் இருப்பது இரண்டு ஒயர் மீட்டர் என்றால் நான்கு பின் ரிலே (கீ ஒயரின் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று போடலாம். பின்களில் எண் போட்டிருக்கும். 85, 86 இரண்டில் ஒன்றுக்கு எர்த், மற்றதற்குக் கீ ஒயர். 30-க்குப் பேட்டரி பிளஸ், ஃப்யூஸ் வழியாக. 87-லிருந்து மீட்டர். இப்படிச் செய்தால் இரண்டு ஒயர் மீட்டரும் பேட்டரி வோல்டையே காட்டும்.

ஸ்டியரிங் கழுத்தில் ஒயருக்குத் தளர்வு விடுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, ஒயர் இழுபடவில்லை என்று தெரிந்த பிறகே டேக்கை இறுக்குங்கள். மீட்டரின் பின்புறத்தைச் சிலிக்கானால் அடைக்கும்போது வினிகர் வாசனை வரும் சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் போர்டின் செம்பை அரிக்கும். வாசனை இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். வெயில் அடிக்கும் மத்தியானத்தில் அடைத்தால் உள்ளே ஈரம் சிக்காது.

எந்த எண் சரி

12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரிக்கு:

எஞ்சின் நிறுத்தி ஒரு மணி நேரம் ஆன பிறகு 12.6 முதல் 12.8, தண்ணீர் ஊற்றாத சீல்டு பேட்டரியில் 13 வரை. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0 என்றால் கால் பங்கு.

செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே போகக் கூடாது.

ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காமல் எஞ்சின் ஓடும்போது, 12.8 முதல் 13.6.

3000 – 4000 ஆர்.பி.எம்.மில் 13.8 முதல் 14.5. ஆர்.பி.எம். மீட்டர் இல்லாத வண்டியில், டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது எஞ்சின் என்ன சத்தம் போடுமோ அந்த அளவுக்கு முறுக்கினால் போதும்.

15-ஐத் தொட்டால் வண்டியை நிறுத்த வேண்டும்.

லித்தியம் பேட்டரி போட்டவர்கள் இந்த எண்களை வைத்துப் பார்க்காதீர்கள். அது நிரம்பிய நிலையில் 13.2-க்கு மேல் நிற்கும், 12.8 காட்டும்போது ஏறக்குறையக் காலியாகிவிட்டது என்று பொருள்.

பழைய புல்லட்டின் ஹெட்லைட் கூட்டின் மேல் இருக்கும் ஊசி, ஆம்பியர் மீட்டர். மின்சாரம் பேட்டரிக்குள் போகிறதா வெளியே வருகிறதா என்று அது காட்டும். பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டாது. அந்த வண்டிக்கும் வோல்ட் மீட்டர் உதவும்.

அறிகுறி 1: மீட்டர் எரியவே இல்லை

கீ ஆன் செய்து ஹாரன் அடித்துப் பாருங்கள்.

ஹாரனும் இல்லை என்றால் மீட்டரை விட்டுவிட்டு வண்டியின் மெயின் ஃப்யூஸையும் பேட்டரி டெர்மினலையும் பாருங்கள்.

ஹாரன் அடிக்கிறது, மீட்டர் மட்டும் எரியவில்லை என்றால் மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து மீட்டரின் எரியும் ஒயருக்கும் கருப்புக்கும் இடையே அளங்கள். 12 வருகிறது என்றால் மீட்டர் போய்விட்டது. வரவில்லை என்றால் மல்டிமீட்டரின் கருப்பு முனையை எஞ்சினில் வைத்து மறுபடி அளங்கள். இப்போது வந்தால் எர்த் ஒயர் விட்டிருக்கிறது. இப்போதும் வரவில்லை என்றால் கீ ஒயரில் போட்ட இணைப்பு விட்டிருக்கிறது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் ஒரு மழைக்காலம் தாங்குவதே அபூர்வம். சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள்.

மூன்று ஒயர் மீட்டர் எரிந்து 0.0 காட்டினால் அளக்கும் ஒயரின் 1 ஆம்பியர் ஃப்யூஸ் போயிருக்கும். புது ஃப்யூஸும் உடனே போனால் ஒயர் எங்கோ ஃப்ரேமில் உரசுகிறது. ஸ்டியரிங் கழுத்து, டேங்க் அடி, சீட் லாக் என்ற வரிசையில் தேடுங்கள். பெரிய ஃப்யூஸ் போட்டுச் சமாளிக்கக் கூடாது. அந்த மெல்லிய ஒயர் டேங்குக்கு அடியில்தான் ஓடுகிறது.

செல்ஃப் அடிக்கும்போது மட்டும் மீட்டர் அணைந்து எரிந்தால் பேட்டரி அந்த நொடியில் மிகக் கீழே விழுகிறது என்று அர்த்தம். அறிகுறி 4-க்குப் போங்கள்.

அறிகுறி 2: மீட்டர் ஒன்று காட்டுகிறது, பேட்டரியில் அளந்தால் வேறு

வித்தியாசம் எப்போதும் ஒரே அளவா, விளக்கு போட்டால் கூடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரே அளவு, 0.1 அல்லது 0.2 என்றால் மீட்டரின் அளவு பிசகியிருக்கிறது. பல மீட்டர்களின் பின்னால் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துக்கொண்டு இரண்டும் ஒரே எண் காட்டும்வரை மெதுவாகத் திருப்புங்கள். மல்டிமீட்டரின் பேட்டரி தீர்ந்திருந்தால் அதுவே தவறாகக் காட்டும் என்பதால், அதில் புது பேட்டரி போட்ட பிறகு இந்த வேலையைச் செய்யவும்.

ஹெட்லைட்டும் பிரேக் லைட்டும் எரிய எரிய வித்தியாசம் 0.4, 0.8 என்று கூடினால் இரண்டு ஒயர் மீட்டரை டெயில் லைட் ஒயரிலோ ஹெட்லைட் ஒயரிலோ இணைத்திருப்பீர்கள். கீ சுவிட்சிலும் கப்ளர்களிலும் வழியில் இழந்த வோல்டையும் சேர்த்துக் குறைத்துக் காட்டுகிறது. மேலே சொன்ன ரிலே போடுங்கள், அல்லது மூன்று ஒயர் மீட்டருக்கு மாறுங்கள். ரிலே போட்ட பிறகு பேட்டரி வோல்ட் சரியாகத் தெரிகிறது, ஆனால் ஹாரனும் விளக்கும் மட்டும் மங்கல் என்றால் கீ சுவிட்சின் உள்ளே தகடு தேய்ந்திருக்கலாம்.

அறிகுறி 3: எண் நிற்காமல் ஆடுகிறது

ஸ்லோவில் 0.1, 0.2 ஆடுவது சின்ன வண்டிகளில் சகஜம். முறுக்கினால் நின்றுவிடும். அதைத் துரத்த வேண்டாம்.

முறுக்கும்போதுதான் கண்டபடி ஆடுகிறது, 9, 17, 12 என்று தாவுகிறது என்றால் மீட்டர் ஒயர் இக்னிஷன் காயிலுக்கோ பிளக் ஒயருக்கோ பக்கத்தில் ஓடுகிறது. நான்கு விரல் அகலமாவது தள்ளி, ஃப்ரேமின் மறுபக்கமாகக் கொண்டுபோங்கள். பிளக்கின் பெயரில் ஆர் எழுத்து உள்ள ரெசிஸ்டர் வகையா என்றும் பாருங்கள். மலிவுக்காகச் சாதா பிளக் மாட்டியிருப்பார்கள்.

பழைய ஸ்ப்ளெண்டர், சி.டி. 100 போன்ற வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியாது. காயிலிலிருந்து நேராக ஏ.சி.யில் எரியும். அந்த ஒயரில் மீட்டரை இணைத்தால் எண் ஆடும், மீட்டரே போகவும் செய்யும். இந்த வண்டிகளில் ஸ்லோவில் ஹெட்லைட் மங்குவது பேட்டரிக் கோளாறு இல்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரி புதிதாக மாற்றினாலும் அந்த வெளிச்சம் கூடாது.

ஹேண்டிலைத் திருப்பும்போதோ பள்ளத்தில் இறங்கும்போதோ மட்டும் எண் தாவினால் தளர்ந்த இணைப்பு. பேட்டரி டெர்மினல் நட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் அதுவே. அசையவில்லை என்றால் வண்டியை நிறுத்தி, கீ ஆன் வைத்து, ஒயர்க் கட்டை ஸ்டியரிங் கழுத்திலிருந்து பின்பக்கம் வரை சாண் சாணாக அசைத்துக்கொண்டே மீட்டரைப் பாருங்கள்.

அறிகுறி 4: காலையில் 12.2-க்குக் கீழே, செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்கிறது

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ களிம்பு இருந்தால் கழற்றி, வெந்நீரில் ஆப்பச் சோடா கலந்து துணியால் துடைத்துக் காயவிட்டு, இறுக்கி மாட்டி மேலே வாசலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டும் பேட்டரிக்குள் போகக் கூடாது.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஆறு அறையிலும் தண்ணீர் மட்டம் இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மலையில் ஓடும் ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அதில் உப்பு உண்டு. ஆறில் ஒரே ஒரு அறையில் மட்டும் தண்ணீர் மறுபடி மறுபடி குறைந்தால் அந்த அறை போய்விட்டது; பேட்டரி மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து, வெளியே வைத்துச் சார்ஜ் போடுங்கள். பேட்டரியின் ஆம்பியர் ஹவரில் பத்தில் ஒரு பங்கு கரண்ட், அதாவது 5 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 0.5 ஆம்பியர், பத்து மணி நேரத்துக்கு மேல். லாரி பேட்டரிகளோடு சேர்த்து வேகமாக ஏற்றிக் கொடுப்பதை ஏற்காதீர்கள். சின்னப் பேட்டரி சூடேறி உள்ளே தகடு வளைந்துவிடும்.

சார்ஜ் முடிந்து ஒரு இரவு தனியாக வைத்து மறுநாள் அளங்கள்.

12.6-க்கு மேல் நின்றால் பேட்டரி பிழைத்தது. வண்டியில் மாட்டி அறிகுறி 5, 8 இரண்டையும் பாருங்கள். ஏன் இறங்கியது என்று தெரியாமல் விட்டால் மறுபடி இறங்கும்.

12.6 நின்றும், செல்ஃப் அடித்தால் 9-க்கும் கீழே விழுந்தால் பேட்டரிக்குள் சக்தி இல்லை. மாற்ற வேண்டும். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை: செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் பாடிக்கும் இடையே 0.5 வோல்டுக்கு மேல் காட்டினால் தடித்த எர்த் ஒயரின் முனையில் துரு. சுத்தம் செய்தால் பழைய பேட்டரியே போதுமானதாக இருக்கலாம். இரண்டு பேர் வேண்டும் இதற்கு, ஒருவர் மீட்டரைப் பார்க்க, ஒருவர் பட்டனை அழுத்த.

ஒரு இரவில் 12.4-க்குக் கீழே தானாக இறங்கினாலும் மாற்ற வேண்டும்.

அறிகுறி 5: வண்டி ஓடுகிறது, எண் 12-லேயே நிற்கிறது, ஓட ஓட இறங்குகிறது

சார்ஜ் ஏறவில்லை. "காயில் போயிருச்சு" என்று உடனே தீர்ப்பு சொல்லப்படும் இடம் இதுதான். எஞ்சின் கவரைக் கழற்றும் முன் கீழே இருக்கும் ஐந்து படியையும் முடித்துவிடுங்கள். முதல் மூன்று படிக்குள்ளேயே பல வண்டிகள் சரியாகிவிடும்.

முதல் படி, ஃப்யூஸ். சில வண்டிகளில் சார்ஜிங்குக்குத் தனி ஃப்யூஸ் உண்டு. ஃப்யூஸ் முழுதாக இருந்தாலும் அதன் ஹோல்டரைப் பாருங்கள். பிளாஸ்டிக் உருகியோ பிரவுனாகவோ இருந்தால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது.

இரண்டாம் படி, கப்ளர். எஞ்சினிலிருந்து மேலே வரும் மூன்று மஞ்சள் ஒயர், சின்ன வண்டிகளில் வெள்ளையும் மஞ்சளுமாக இரண்டு ஒயர், காயிலின் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி வோல்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், அதாவது ஆர்.ஆர். யூனிட்டுக்குப் போகும் வழியில் ஒரு கப்ளர் இருக்கும். பெரும்பாலும் சைடு கவருக்குள் அல்லது சீட்டுக்கு அடியில். அதைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பின் மட்டும் கருத்திருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. மழையும், வாட்டர் சர்வீஸில் பாய்ச்சும் தண்ணீரும் உள்ளே போய்ப் பின்னில் களிம்பு பிடிக்கும், களிம்பு சூடாகும், சூட்டில் பின் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். இலேசாகக் களிம்பு மட்டும் என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, துளை உள்ள பெண் பின்னைச் சற்று நெருக்கி, சிலிக்கான் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். பிளாஸ்டிக் உருகியிருந்தால் சுத்தம் செய்து பயன் இல்லை. புது கப்ளர் போடுங்கள். கப்ளரையே வெட்டிவிட்டு நேராகச் சால்டர் செய்வதும் உழைக்கும். ஆனால் அடுத்த முறை காயிலைச் சோதிக்க ஒயரை வெட்ட வேண்டி வரும்.

மூன்றாம் படி, வழியில் இழக்கும் வோல்ட். செலவே இல்லாத, அதிகம் பேர் செய்யாத, உண்மையைச் சீக்கிரம் சொல்லும் சோதனை இது. எஞ்சினை 3000 ஆர்.பி.எம்.மில் ஓடவிட்டு ஹெட்லைட் போடுங்கள். மல்டிமீட்டரை 2 வோல்ட் டி.சி.யில் வைத்து ஒரு முனையை ஆர்.ஆர். யூனிட்டின் எர்த் ஒயரிலும் மறுமுனையைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2-ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை. அடுத்து ஆர்.ஆரின் சிவப்பு ஒயருக்கும் பேட்டரி பிளஸுக்கும் இடையே அதே அளவு. 0.3-ஐத் தாண்டினால் வழியில் இருக்கும் கப்ளரோ ஃப்யூஸ் ஹோல்டரோ தடுக்கிறது. பாடி வழியாக எர்த் எடுக்கும் ஆர்.ஆர். என்றால் போல்ட்டைக் கழற்றி அடியில் இருக்கும் பெயின்டையும் துருவையும் உப்புத் தாளால் தேய்த்து மாட்டுங்கள்.

நான்காம் படி, காயில். பூச்சில்லாத மல்டிமீட்டர் முனையைக் கையால் தொடாதீர்கள். முறுக்கும்போது இங்கே ஷாக் அடிக்கும் அளவுக்கு ஏ.சி. வரும். எஞ்சினை நிறுத்திக் கப்ளரைப் பிரித்து, மிகக் குறைந்த ஓம் அளவில் மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாக அளங்கள். மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டால் எவ்வளவு காட்டுகிறதோ அதைக் கழித்துவிடுங்கள். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவாக, பெரும்பாலும் 1 ஓமுக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழேயோ வர வேண்டும். எந்த மஞ்சள் ஒயருக்கும் எஞ்சின் பாடிக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் காயில் எர்த் ஆகிவிட்டது. மூன்று மஞ்சள் ஒயர் வண்டிக்குத்தான் இந்த விதி. இரண்டு ஒயர் வரும் சின்ன வண்டிகள் பலவற்றில் காயிலின் மறுமுனை வடிவமைப்பிலேயே எர்த்தில்தான் இருக்கும். அதைப் பார்த்துக் காயிலைக் குற்றம் சொல்லிவிட வேண்டாம்.

பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மல்டிமீட்டரை 200 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றி, அதே மூன்று ஜோடியையும் அளங்கள். முறுக்க முறுக்க எண் ஏற வேண்டும், 4000-க்கு மேல் பல வண்டிகளில் 40-ஐத் தாண்டும். எண்ணைவிட மூன்றும் சமமாக இருப்பதே முக்கியம். இரண்டு ஜோடி 45, ஒரு ஜோடி 20 என்றால் காயில் ஒரு பக்கம் கருகியிருக்கிறது. ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில் என்ற சின்ன காயிலின் கப்ளரைத் தவறுதலாகப் பிரித்துவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, பயந்துவிட வேண்டாம்.

ஐந்தாம் படி, ஆர்.ஆர். யூனிட். காயில் மூன்று பக்கமும் சமமாகக் கொடுக்கிறது, ஒயரிலும் இழப்பு இல்லை, ஆனாலும் பேட்டரியில் 13-ஐத் தாண்டவில்லை என்றால் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். மல்டிமீட்டரின் டயோடு அளவில் ஒவ்வொரு மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே ஒரு திசையில் 0.4 – 0.6 காட்டி, முனைகளை மாற்றினால் ஒன்றும் காட்டாமல் இருக்க வேண்டும். இரண்டு திசையிலும் எண் வந்தால் உள்ளே ஷார்ட். புது ஆர்.ஆர். போட்ட பிறகு காயிலை மறுபடி அளங்கள். ஷார்ட் ஆன ஆர்.ஆர். காயிலையும் சேர்த்துக் கருக்கியிருக்கக்கூடும்.

*மெக்கானிக்கிடம் போக வேண்டிய இடம்:* காயில் போயிருக்கிறது என்று எண் சொல்லிவிட்டால். கவரைக் கழற்றினால் புது கேஸ்கெட் வேண்டும். பல வண்டிகளில் ஆயிலை வடிக்க வேண்டும். காயில் எஞ்சினில் பொருத்தியிருக்கும் வண்டிகளில், காயிலைச் சுற்றிச் சுழலும் மேக்னெட்டை எடுக்க அதற்குரிய புல்லர் இல்லாமல் சுத்தியால் தட்டினால் கிராங்க் கெடும். செல்ஃப் சத்தமே இல்லாமல் எடுக்கும் புது ஸ்கூட்டர்களில் சார்ஜ் காயிலே செல்ஃப் மோட்டாராகவும் வேலை செய்கிறது. அவற்றில் இரண்டாம் படிக்கு மேல் போகாமல் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது மூன்று ஜோடியின் ஓம், ஏ.சி. எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் தேவையில்லாத பொருள் வாங்கும் செலவு மிச்சம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி "வண்டி ஓடுதா பாரு, அப்போ சார்ஜ் இருக்கு" என்று சோதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. செய்யவும் கூடாது, செய்ய விடவும் கூடாது. பேட்டரி இல்லாத நொடியில் வோல்ட் எகிறும். ஸ்பார்க் கொடுக்கும் சி.டி.ஐ., எல்.இ.டி. விளக்கு, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டியின் எஞ்சின் கணினியான இ.சி.யு. எதுவும் அதில் போகலாம்.

அறிகுறி 6: சமவெளியில் 14, மலையில் 12.5

கம்பம் பைபாஸில் 14.2 காட்டும் வண்டி மேட்டில் ஏறும்போது 12.6-க்கு வந்தால் பொருள் எதுவும் கெட்டிருக்க வேண்டியதில்லை. செலவு வரவைவிடக் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

ஃபாக் லைட்டை அணைத்துப் பாருங்கள். உடனே 13.5-க்கு ஏறினால் கணக்குப் போட்டுவிடலாம். வாட்டை 13-ஆல் வகுத்தால் ஆம்பியர். 35 வாட் ஹெட்லைட் 2.7, தலா 20 வாட் ஃபாக் லைட் இரண்டும் சேர்த்து 3, போன் சார்ஜர் ஏறக்குறைய 1. ஆக, கிட்டத்தட்ட 7 ஆம்பியர். 100, 125 சி.சி. வண்டிகளின் காயில் மெதுவான எஞ்சின் வேகத்தில் இதைத் தாங்காது. 2017 ஏப்ரலிலிருந்து விற்கும் வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது என்பதால், குறைக்க முடிந்தது நாம் கூடுதலாக மாட்டியவை மட்டும்தான்.

ஃபாக் லைட்டுக்குத் தனி சுவிட்சும் ரிலேயும் இருக்கட்டும். ஏற்றத்தில் மூடுபனி இல்லாத இடத்தில் அணையுங்கள். இரண்டாம் கியரில் முக்குவதைவிட முதல் கியரில் சற்று முறுக்கி ஏறினால் எண் அரை வோல்ட் கூடுவதை மீட்டரிலேயே பார்க்கலாம். பெரிய வாட் பல்பு மாட்டியிருந்தால் கம்பெனி அளவுக்கே திரும்புங்கள்.

இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு வருபவர்கள் ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் பேட்டரியிலிருந்தே செலவு செய்கிறார்கள். எஞ்சின் பிடிப்பும் கையைவிட்டுப் போய் பிரேக் சூடேறுகிறது. இன்ஜெக்டர் வைத்த எஃப்.ஐ. வண்டியில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினாலே பெட்ரோல் நின்றுவிடும். அணைப்பதால் மிச்சம் ஒன்றும் இல்லை.

எந்தக் கூடுதல் விளக்கும் இல்லாத வண்டி மலையில் 12.5-க்கு இறங்கினால் அறிகுறி 5-இன் இரண்டாம், மூன்றாம் படிகளைச் செய்யுங்கள்.

அறிகுறி 7: 15-ஐத் தாண்டுகிறது

ஓரமாக நிறுத்துங்கள். வேறு வழி இல்லாமல் ஓட்ட வேண்டியிருந்தால் எல்லா விளக்கையும் போட்டு, முறுக்காமல், பக்கத்து ஊர் வரை மட்டும். பேட்டரி பக்கம் அழுகிய முட்டை வாசனை வந்தால் அதுவும் கூடாது. உள்ளே வெடிக்கக்கூடிய வாயு இருக்கும். பீடி, தீப்பெட்டி அருகில் வரக் கூடாது, டெர்மினலைக் கழற்றித் தீப்பொறி கிளப்பவும் கூடாது. ஆறவிடுங்கள்.

ஆறிய பிறகு முதலில் மல்டிமீட்டரால் பேட்டரியிலேயே அளந்து எண் உண்மையா என்று பாருங்கள். உண்மை என்றால் ஆர்.ஆரின் எர்த்தைச் சுத்தம் செய்து மறுபடி அளங்கள். சில வண்டிகளின் ஆர்.ஆருக்குப் பேட்டரி வோல்டைப் பார்த்துச் சொல்லும் ஒரு மெல்லிய கீ ஒயர் தனியாக வரும். அதில் களிம்பு பிடித்தால் பேட்டரி காலி என்று நினைத்து ஆர்.ஆர். அள்ளிக் கொடுக்கும். இரண்டும் சரி என்றால் ஆர்.ஆர். மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. பல்புகள் வரிசையாகப் போகும், பேட்டரி உப்பும், பிறகு விலை கூடிய இ.சி.யு.

உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டாம். கடையில் பழைய விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 8: ஓடும்போது 14.2, ஆனால் மூன்று நாள் நிறுத்தினால் செல்ஃப் இல்லை

எங்கோ கசிகிறது. மீட்டரே திருடனாக இருக்கலாம், அதை முதலில் பாருங்கள். கீ ஆஃப் செய்தும் எண் எரிந்தால் கீ ஒயரில் இணைக்கவில்லை. இந்த மீட்டர் 20 மில்லிஆம்பியர் எடுத்தால் ஒரு நாளில் கிட்டத்தட்ட 0.5 ஆம்பியர் ஹவர். 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஐந்தே நாளில் பாதி.

மீட்டர் அணைந்துதான் இருக்கிறது என்றால் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி மைனஸைக் கழற்றி, மைனஸ் முனைக்கும் கழற்றிய ஒயருக்கும் இடையே வையுங்கள். கீ ஆஃப். இந்த நிலையில் கீயையோ செல்ஃப் பட்டனையோ தொட்டால் மல்டிமீட்டரின் ஃப்யூஸ் போகலாம். எண் மிகச் சிறியது என்றால் மில்லிஆம்பியர் துளைக்கு மாறுங்கள்.

கார்புரேட்டர் வண்டியில் ஏறக்குறைய ஒன்றும் காட்டக் கூடாது. டிஜிட்டல் கடிகாரமும் இ.சி.யு.வும் உள்ள வண்டியில் சில மில்லிஆம்பியர் வழக்கம். 10-ஐத் தாண்டினால் தேடுங்கள்.

மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்: யு.எஸ்.பி. சார்ஜர், அலாரம், ஜி.பி.எஸ்., ஃபாக் லைட் ரிலே. போன் மாட்டாவிட்டாலும் யு.எஸ்.பி. சார்ஜர் கொஞ்சம் குடித்துக்கொண்டேதான் இருக்கும். பேட்டரியில் நேராக மாட்டியிருந்தால் கீ ஒயர் ரிலேவுக்கு மாற்றுங்கள். எதைப் பிரித்தும் எண் குறையவில்லை என்றால் ஆர்.ஆர். கப்ளரைப் பிரியுங்கள். அப்போது எண் விழுந்தால் ஆர்.ஆருக்குள் டயோடு கசிகிறது, மாற்ற வேண்டும். அதையும் பிரித்துப் பார்த்துக் கசிவு நிற்கவில்லை என்றால் கீ சுவிட்சிலோ ஒயர்க் கட்டுக்குள்ளோ ஈரம் இருக்கிறது. ஒயர்க் கட்டைப் பிரித்துத் தேடுவது ஆட்டோ எலக்ட்ரீசியனின் ஒரு நாள் வேலை. அதுவரை வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பேட்டரி மைனஸைக் கழற்றி வையுங்கள்.